மட்டும் மதுவும்: காவிரிப்பூம்பட்டினத்தின் குடிச்சுவை அறிவும் யவனத் தேறலும்

ஆய்வுச்சுருக்கம்

காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களில் இரவுப்பொழுதில் மட்டு கைவிடப்பட்டு மது விரும்பப்பட்டதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. அம்மது மேலைநாட்டுக் கப்பல்கள் கொண்டுவந்த திராட்சை மதுவே என முடிவு செய்ய இடமுண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. சங்க இலக்கியக் குடிப்பெயர்கள், பட்டினப்பாலைத் தொடரின் அமைப்பு, அரிக்கமேட்டுச் சாடிகள், மேலைநாட்டார் குறிப்புகள் ஆகியவை இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. அத்தொடரை இறக்குமதிக்கான நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது என்பதும், குடிகளைத் தரம், பொழுது, இடம் ஆகியவற்றால் வேறுபடுத்தி அறிந்த ஒரு சுவையறிவுக்கு அது சான்றாகும் என்பதும், யவன மது அவ்வறிவின் அளவைகளுக்கு உட்பட்டே தமிழரிடம் இடம்பெற்றது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினம், தேறல், மட்டு, மது, யவனர், அரிக்கமேடு.

முன்னுரை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை 301 அடிகளால் ஆனது. சோழன் கரிகாலனின் துறைமுக நகரான காவிரிப்பூம்பட்டினத்தின் விளைநிலம், கடற்கரை, கடைத்தெரு, பண்டகசாலை, மாடம் என ஒவ்வொன்றையும் இந்நூல் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இரவுக் காட்சி ஒன்றில், தம் துணைவரைக் கூடிய மகளிர் பட்டாடையைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்ததும், அவ்வாறே மட்டைத் தவிர்த்து மதுவில் மகிழ்ந்ததும் அடுத்தடுத்த இரண்டு குறளடிகளில் (107, 108) சொல்லப்படுகின்றன.

யவனர் வந்து தங்கிய துறைமுகம், செல்வர் மாடம், உள்ளூர்க் குடியினின்று வேறுபட்ட ஒரு மது ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவதால், இங்குக் குறிக்கப்படுவது உரோமானிய மதுவே என்று கொள்ள மனம் எளிதில் நாடும். வணிக வரலாற்றுக்கு அழகிய சான்றாக அமையும் என்பதாலேயே இம்முடிவை ஐயத்தோடு அணுக வேண்டியுள்ளது. இலக்கியத்தில் ஒரு சொல்லும் அகழாய்வில் ஓர் ஓடும் கிடைத்தவுடன் ஒன்றை மற்றொன்றின் விளக்கமாக்குவது ஆய்வில் நேரும் பொதுவான வழுக்கல். முதலில் அச்சொல் தன் மொழிச்சூழலில் என்ன பொருள் தருகிறது என்பதையும், அந்த ஓடு தன்னளவில் எதை மெய்ப்பிக்கிறது என்பதையும் தனித்தனியே காணவேண்டும். இக்கட்டுரை அவ்வரிசையிலேயே செல்கிறது.

1. குடிப்பெயர்களும் அவற்றின் அடிப்படையும்

சங்க இலக்கியத்தில் குடிவகைகளைக் குறிக்கும் சொற்கள் பல. கள், தேறல், நறவு, பிழி, அரியல், தோப்பி, மட்டு, மகிழ், மது என்பன அவற்றுள் சில. இவற்றை ஒருபொருட்பன்மொழி என ஒதுக்கிவிடாமல், எதன் அடிப்படையில் பெயர் அமைந்தது என்று வகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்.

பிழி, அரியல் ஆகியவை செய்முறையால் அமைந்த பெயர்கள். பிழிதலும் அரித்தலும், அதாவது வடிகட்டுதலும், அவற்றுள் வெளிப்படையாகவே உள்ளன. நறவு நறுமணத்தை நினைவூட்டுவது. மகிழ் பயனால் பெற்ற பெயர். தோப்பி நெல்லால் ஆன கள் என உரைவழி அறியப்படுவது. பெரும்பாணாற்றுப்படை (142) அதனை வீட்டில் சமைத்த கள்ளாகக் காட்டுகிறது. தேறல் என்பது தேறுதல், அதாவது தெளிதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மண்டி அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவே தேறல். எப்பொருளிலிருந்து வடிக்கப்பட்டது என்பதை இப்பெயர் சொல்வதில்லை. எந்நிலையை அடைந்தது என்பதையே சொல்கிறது. ஆதலின் தேறல் ஒரு தரப்பெயர்.

தெளிவோடு முதிர்ச்சியும் ஒரு தர அளவையாக இருந்தது. திருமுருகாற்றுப்படை (195) நீண்ட மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளின் தேறலைக் குறவரோடு இணைத்துச் சொல்கிறது. ஔவையார் பாடிய புறநானூறு 392ஆம் பாடல், நாட்பட வைக்கப்பட்ட தேறலின் வீறுக்குத் தேளின் கடுப்பை உவமையாக்குகிறது. ஏறிய புளிப்பையோ மயக்கத்தையோ பொதுப்படக் கூறாமல், நாவில் சுரீரென்று தைக்கும் உணர்வைத் தனித்து அறிந்து உவமித்திருப்பது கருதத்தக்கது.

முதிர்ச்சி ஏன் மதிப்பாயிற்று என்பதற்குப் பொருளியல்பு சார்ந்த காரணமும் உண்டு. பனை, தென்னைச் சாறு இறக்கிய சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் புளித்துக் காடியாகிவிடுகிறது. இத்தகைய கள்ளை நெடுந்தொலைவு கொண்டுசெல்லவோ நெடுநாள் சேமிக்கவோ இயலாது. ஆகவே நாட்பட்டும் கெடாமல் தெளிந்து நிற்கும் குடி அரிதாகவும், அதனால் உயர்ந்ததாகவும் கருதப்பட்டது இயல்பே.

2. நெல்லும் சாடியும்

உருத்திரங்கண்ணனார் குடியைப் பற்றி மேலோட்டமாக அறிந்தவர் அல்லர். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பில் அரிசியிலிருந்து கள் சமைக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது (275–281). குற்றாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டில் அதனை ஆறவிடுகின்றனர். பின்னர் நல்லடை என்னும் பொருளைச் சேர்த்துப் பிசைகின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், உறுதியான வாயையுடைய சாடியில் நன்கு விளைந்த அதனை விரலால் அலைத்து வடிக்கின்றனர்.

இவ்விளக்கம் நொதித்தல் முறைக்கு முற்றும் பொருந்துகிறது. பனஞ்சாற்றிலும் தேனிலும் திராட்சையிலும் சர்க்கரை இயல்பாகவே உள்ளது. அரிசியில் உள்ளதோ மாவுப்பொருள். அது முதலில் சர்க்கரையாக மாறினாலன்றிக் கள்ளாகாது. அம்மாற்றத்தை நிகழ்த்துவதே நல்லடையின் பணி. நெல்முளையை இடித்துச் சேர்த்ததாக இதனை உரைவழிக் கொள்வர். புலவர் அதனைக் கறையான் புற்றினுள் இருக்கும் குரும்பிக்கு ஒப்பிடுகிறார். சூடாக இருக்கும் களியில் அடையைச் சேர்த்தால் அதன் ஆற்றல் கெடும் என்பதால்தான் களி ஆறவிடப்படுகிறது. இந்நுட்பத்தைப் பாடலில் விடாமல் பதிவு செய்தவர் செய்முறையை நேரில் கண்டோ, கண்டவரிடம் கேட்டோ அறிந்திருக்க வேண்டும்.

பட்டினப்பாலையில் அதே புலவர் குடிப்பெயர்களைக் கையாளும்போது அவற்றை வேறுபாடின்றிக் கலந்து வழங்கினார் எனக் கருதுவதற்கு, எனவே, நாம் தயங்க வேண்டும்.

3. பட்டினப்பாலையின் குடியிடங்கள்

காவிரிப்பூம்பட்டினத்தில் குடி மூன்று இடங்களில் காட்சிப்படுகிறது. முதலாவது, கடற்கரைப் பரதவர் சேரி. உவா நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபட்டு, தாழைமலர் சூடி, பனையின் பிழியைப் பருகுகின்றனர். மணற்பாங்கான நெய்தல் நிலத்தில் பனை உண்டு. குடியும் அங்கேயே இறக்கப்பட்டு அங்கேயே பருகப்படுகிறது.

இரண்டாவது, கடைத்தெரு. மீனும் இறைச்சியும் பொரியும் ஓசையுடைய முற்றத்தில், மணல் பரப்பி மலர் தூவிய வாயிலில், நறவு விற்பனையை அறிவிக்கும் கொடி பறக்கிறது. பலரும் புகும் இடம் அது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையும் மருவூர்ப்பாக்கத்தில் கள் விற்கும் மகளிரைக் குறிப்பிடுகிறது. குடி இங்கு விலைப்பண்டம். அதனை விற்பவர், அதற்குரிய அடையாளக் கொடி, உடன் உண்ணும் உணவு ஆகிய மூன்றும் நிலைபெற்றுவிட்டன.

மூன்றாவது, மாடம். மட்டு, மது என்னும் இரண்டு குடிகள் இங்குதான் ஒருசேர வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விருப்பம் வெளிப்படுவதும் இவ்விடத்தில் மட்டுமே. சேரியில் கிடைப்பது பருகப்படுகிறது, கடையில் விற்பது வாங்கப்படுகிறது, மாடத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. குடியின் வகையைவிடக் குடிப்பவரின் தெரிவுரிமையே இம்மூன்று இடங்களையும் பிரிக்கிறது எனலாம்.

கரிகாலனையே பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பொருநராற்றுப்படை இதற்கு அரண் செய்கிறது. அரண்மனையில் பொருநனுக்கு மகளிர் பொற்கலம் நிறையப் பன்முறை வார்த்துத் தருகின்றனர். குடியோடு கலமும் வார்ப்போரும் விருந்தின் முறைமையும் சேர்ந்தே மேன்மையை உண்டாக்கின.

4. தொடரின் அமைப்பு

மட்டு–மது தொடரைச் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்தால் அது இறக்குமதிச் செய்திபோல் தோன்றும். சூழலில் வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அதற்கு முன் வருவது ஆடை மாற்றம். அதற்குப் பின் வருவது மாலை மாற்றம்: மைந்தர் கண்ணியை மகளிர் சூடுகின்றனர், மகளிர் கோதையை மைந்தர் அணிகின்றனர். ஆடை, குடி, மாலை என மூன்று மாற்றங்கள் ஒரே ஒழுங்கில் அமைகின்றன. பகலுக்குரியது நீங்கி இரவுக்குரியது வருவதும், மகிழ்ச்சி மிகுதியில் ஒருவருடையது மற்றவருடையதாவதும் புலவரின் நோக்கம். மதுவின் பிறப்பிடத்தைச் சொல்வது அவர் நோக்கமன்று.

ஆடை மாற்றம் இதை மேலும் தெளிவாக்கும். பட்டு துகிலினும் இழிந்ததன்று. இரவுக்கும் இன்பத்துக்கும் ஏற்றதன்று என்பதாலேயே களையப்படுகிறது. அவ்வாறாயின் மட்டும் இழிந்த குடியாக இருக்க வேண்டியதில்லை. பொழுதுக்குப் பொருந்தாத குடி என்பதே போதும். நச்சினார்க்கினியர் மட்டைக் கள்ளாகவும் மதுவைக் காமபானமாகவும் கொண்டது இப்பொருத்தத்தை நோக்கியே ஆகும். அவர் உரை குடியின் பயனையும் பொழுதையும் காட்டுகிறது, நாட்டைக் காட்டவில்லை.

யாப்பும் கருதத்தக்கது. பட்டு, மட்டு என்பவை அடியெதுகையாக நிற்கின்றன. மட்டு, மது, மகிழ்தல் என்பவை மோனையாக இயைகின்றன. குறளடிகளின் விரைந்த நடையில் ஒலி இயைபும் சொற்றேர்வில் பங்கு பெற்றிருக்கும். மட்டு கள்ளையும் தேனையும் குறிக்கும் திராவிட மொழிச்சொல். மது வடசொல் மரபைச் சார்ந்தது. கிரேக்க மொழியில் மதுவைக் குறிக்கும் மெது என்னும் சொல்லோடு அதற்குள்ள ஒற்றுமை, இரண்டும் ஒரே இந்தோ–ஐரோப்பிய வேரினின்று கிளைத்ததால் வந்தது. யவனர் வழியாக அச்சொல் தமிழுக்கு வந்தது என்பதற்கு அவ்வொற்றுமை சான்றாகாது.

அதே பாடலில் உள்ள இரண்டு பட்டியல்களும் இங்குப் பயன்படும். காவிரி நாட்டு விளைபொருள்களாக நெல், கரும்பு, தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள் முதலியவை வருகின்றன, திராட்சை இல்லை. வெப்பமும் ஈரமும் மிக்க நன்செய்ப் படுகை அதற்கு ஏற்றதன்று. இன்றும் தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பெயர்பெற்றது காவிரிப் படுகையன்று, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே. ஆகவே திராட்சை மது புகாரில் இருந்திருந்தால் அது கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் நகரில் குவிந்த பண்டங்களைச் சொல்லும் புகழ்பெற்ற பகுதியில் (185–193) குதிரை, மிளகு, பொன், மணி, சந்தனம், அகில், முத்து, பவளம், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் ஆகியவை பெயர் பெறுகின்றன. மது பெயர் பெறவில்லை. அரியனவும் பெரியனவும் என்று பொதுவாகச் சுட்டப்படுபவற்றுள் அது அடங்கியிருக்கலாம். எனினும் பெயர் பெறாத ஒன்றைப் பெயர் பெற்றதாக ஆய்வு கொள்ளலாகாது.

5. யவனத் தேறலும் சாடிகளும்

யவன மது தமிழகத்திற்கு வந்ததை மறுப்பதற்கில்லை. நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய புறநானூறு 56ஆம் பாடலில், யவனர் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டும் காட்சி உள்ளது. அங்கு வரும் கலம் என்னும் சொல்லைப் பழைய உரைகாரர் குப்பி எனக் கொண்டார். மரக்கலம் எனக் கொள்ளவும் மொழி இடந்தருகிறது. இரண்டில் எதைக் கொண்டாலும் அயல்நாட்டு வரவு உறுதி.

அகழாய்வுச் சான்றின் பெருந்தொகுதி காவிரிப் படுகைக்கு வடக்கே, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலிருந்து கிடைக்கிறது. மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கு அகழ்ந்தார். விமலா பெக்லி தலைமையிலான குழு 1989 முதல் 1992 வரை மீண்டும் ஆய்ந்தது. அம்போரா எனப்படும் இருகாதுச் சாடிகளின் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் வகைப்படுத்தினார். கோஸ் தீவின் சாடி வகையும் அதனைப் பின்பற்றியவையும் அவற்றுள் மிகுதி. கோஸ் மது கடல்நீர் சேர்த்துச் செய்யப்பட்டதற்குப் பெயர்பெற்றது. மதுச் சாடிகளோடு எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாற்றுச் சாடிகளும் அங்குக் கிடைத்துள்ளன. ஆகவே சாடித்துண்டு என்றாலே மது எனக் கொள்வது பிழை. மதுச் சாடிகளின் உட்புறம் பெரும்பாலும் பைன் மரப்பிசின் பூசப்பட்டிருக்கும்; அப்பூச்சே பொருளை ஊகிக்கும் துணை.

பிற்கால மறுஆய்வு மேலும் ஓர் எச்சரிக்கையைத் தந்தது. இந்தியத் தளங்களில் உரோமானியச் சாடிகளாக எண்ணப்பட்டவற்றுள் ஒரு பகுதி, உட்புறம் நிலக்கீல் பூசப்பட்ட மெசப்பொத்தேமிய–பாரசீக வளைகுடாச் சாடிகள் என்பதை ரோபர்ட்டா தோம்பர் எடுத்துக்காட்டினார். உரோமானியக் கலமாக முன்பு கருதப்பட்ட ரௌலட்டட் மட்கலம் இந்தியாவில் செய்யப்பட்டதே எனப் பின்னர்த் தெளிந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. யவனம் என்ற ஒரே பெயருக்குள் பல கடல்வழிகள் அடங்கியிருந்தன.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடற்பயண நூல் வணிக அளவை மதிப்பிட உதவுகிறது. பருகச்சத்தில் இறங்கிய மதுவுள் இத்தாலிய மதுவை அது முதன்மையாகச் சொல்கிறது. லவோதிக்கேயா, அரேபிய மதுக்களையும் குறிப்பிடுகிறது. மன்னனுக்கெனச் சிறந்த மது தனியே கொண்டுவரப்பட்டதையும் பதிவு செய்கிறது. முசிறிப் பகுதியிலோ மது மிகுதியாக இறங்கவில்லை என்கிறது. கப்பலோட்டிகளின் தேவைக்கெனக் கோதுமை அங்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் அதே நூல் சொல்வதால், மதுவிலும் ஒரு பங்கு அயலார் தம் தேவைக்குக் கொண்டுவந்ததாகலாம். கிழக்குக் கரையில் அந்நூல் சுட்டும் கமரா என்பதைக் காவிரிப்பூம்பட்டினமாகக் கொள்வர் பலர். தாலமியும் இரண்டாம் நூற்றாண்டில் கபேரிஸ் என்னும் வணிகத்துறையைக் குறிக்கிறார். மேற்குக் கரையில் இறங்கிய பண்டங்கள் கிழக்குக் கரைக்கும் வந்தன. சிறிதளவில் வந்த மது புகாரை எட்டியிருக்க வாய்ப்புண்டு, வாய்ப்பு சான்றாகிவிடாது.

இவற்றினும் கருதத்தக்கது அம்மதுவுக்குத் தமிழ் வழங்கிய பெயர். நக்கீரனார் அதற்கு அயற்சொல்லைப் பயன்படுத்தவில்லை. பழத்தின் பெயரையும் இணைக்கவில்லை. குளிர்ச்சி, நறுமணம், தெளிவு என்னும் மூன்று பண்புகளைக் கூறித் தேறல் என்றே அழைத்தார். அது ஊற்றப்பட்ட கலமும் பொன், ஊட்டியவரும் மகளிர். கரிகாலன் அவையில் உள்நாட்டுக் குடிக்கு இருந்த அதே விருந்துமுறை. புதிய குடி வந்தபோது அதனை அறிவதற்கான அளவைகள் இங்கு ஏற்கெனவே இருந்தன. பிற்காலத்தில் நிலை வேறு. 1715இல் தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய காலந்தொட்டு வளர்ந்த விவிலியத் தமிழில், திராட்சரசம் என்னும் தொடர் பின்னாளில் நிலைபெற்றது. அது மூலப்பொருளைச் சொல்லும் பெயர். தேறலோ சுவைத்தவர் கண்ட தரத்தைச் சொல்லும் பெயர். ஒரே பொருளைக் காவிரிக் கரையின் மொழி இரண்டு காலங்களில் இருவேறு நோக்கில் பெயரிட்டது.

6. விலக்கும் வரையறையும்

இச்சுவையறிவு எதிர்ப்பின்றி நின்றதன்று. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவன், நாகர் தலைவன் தரமுன்வந்த கள்ளையும் ஊனையும் மறுத்து அறம் உரைக்கிறான். கடல்வணிகமே குடியையும் கொணர்ந்தது, குடியை மறுக்கும் பௌத்த அறத்தையும் பரப்பியது. சோழர்காலச் செப்பேடுகள் சிலவற்றில், கொடையாக அளிக்கப்பட்ட ஊர்களின் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் நிபந்தனை இடம்பெறுகிறது. மரமேறும் உரிமை நிலவுரிமையின் பகுதியாகிவிட்டது. பட்டினப்பாலையில் பரதவரின் விழாக் குடியாக இருந்த பிழி, இவ்வாறு படிப்படியே விலக்குக்கும் வரிக்கும் உரிய பொருளாயிற்று. கள்ளைத் தாழ்வாகவும் திராட்சை மதுவை உயர்வாகவும் காணும் இன்றைய மனப்பாங்கைச் சங்கப் பனுவலில் ஏற்றிப் படித்தல் ஆகாது என்பதற்கு இவ்வரலாறே காரணம்.

முடிவுரை

பட்டினப்பாலையின் மட்டு–மது தொடர் மேலைநாட்டு மது புகாரில் இறங்கியதற்கு நேர்ச்சான்று அன்று. அது மூன்று மாற்றங்களின் வரிசையில் ஒன்று. பொழுதுக்கேற்ற குடியைத் தேரும் மாடத்து வாழ்வைக் காட்டுவது. யவன மதுவின் வரவுக்குப் புறநானூறு 56உம் அரிக்கமேட்டுச் சாடிகளும் சான்றுகள். அவற்றின் அளவையும் எல்லையையும் மீறி அவற்றைப் புகாருக்கு நீட்டுதல் கூடாது. ஆனால் இத்தொடரால் வேறொரு பயன் உண்டு. தெளிவு, முதிர்ச்சி, மணம், கலம், பொழுது என்பவற்றால் குடியை அறிந்த ஒரு மரபு யவனர் வருகைக்கு வெளியே தன்னளவில் நின்றதை அது உறுதிப்படுத்துகிறது.

பூம்புகார்ப் பகுதி அகழாய்வுகளில் கிடைத்த சாடி, பானைத் துண்டுகளின் உட்பூச்சையும் எச்சத்தையும் வேதியியல் முறையில் ஆராய்வது அடுத்த பணி. பிசினா நிலக்கீலா, திராட்சையின் எச்சமா அரிசியின் எச்சமா என்பதை அவ்வாய்வு தெளிவிக்கும். அதுவரை மாடத்து மகளிர் கலத்தில் இருந்தது எந்நாட்டு மது என்னும் வினாவை வினாவாகவே வைத்திருத்தல் நேர்மை. அதே இரவில், அதே மாடங்களின் விளக்குகளைக் கடலில் இருந்த பரதவர் எண்ணிக் கொண்டிருந்ததாகப் புலவர் அடுத்துச் சொல்கிறார். மாடத்து மதுவை ஆராய்வோர் அப்பரதவரின் பனம்பிழியையும் உடன் ஆராய்ந்தால்தான் காவிரிப்பூம்பட்டினத்துக் குடியின் வரலாறு முழுமை பெறும்.